நண்டு சிமெண்டின் குரல்

எங்கள் கம்பெனிக்கு இதுவரை நான்கு பெயர்கள். பிரேமலா அக்காவுக்கு ஒரே பெயர்தான். அதனால் ஜொகூரில் பாதி ஹார்ட்வேர் கடைக்காரர்கள் கம்பெனியின் பெயரை மறந்துவிட்டு, அக்காவின் பெயரைச் சொல்லித்தான் சிமெண்ட் கேட்பார்கள்.

நான் கஸ்தூரி, கணக்குப் பிரிவு. அக்காவின் மேசைக்கு அடுத்த மேசை என்னுடையது. என் ஸ்டேப்ளரை எடுத்தால் திருப்பி வைக்க மாட்டார். கொளுத்தும் வெயிலில் ஏர்கானை அணைக்கச் சொல்வார். ஆகவே அவரைப் புகழ்ந்து தள்ளத்தான் எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

எண்பதுகளில் ஹார்ட்வேர் வியாபாரம் செய்த ஒரு சீன முதலாளி, நாங்கள் தவுக்கே என்போம், கடலோரம் சதுப்பு நிலத்தைத் தூர்த்து இந்த ஆலையைத் தொடங்கினார். பக்கத்தில் சுண்ணாம்புக் குன்று எதுவும் இல்லை. கிளிங்கர் எனப்படும் கருப்பு உருண்டைகள் கப்பலில் வரும். அதை ஜிப்சத்தோடு அரைத்துப் பையில் போட்டால் சிமெண்ட். நிலத்தைத் தூர்க்கும்போது கால் வைத்த இடமெல்லாம் நண்டு ஓடியதாம். தவுக்கே நண்டையே பையில் அச்சடித்துவிட்டார். சிம்பாங் ரெங்கம் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து, படிப்பை முடித்த கையோடு வந்து சேர்ந்த அக்காவுக்கு போனில் ஆர்டர் எடுக்கும் வேலை கிடைத்தது.

பிறகு ஜப்பான்காரர்கள் பங்கு வாங்கினார்கள். பொருளாதாரம் கவிழ்ந்தபோது தவுக்கே மீதியையும் விற்றுவிட்டார், ஐரோப்பியர்கள் வந்தார்கள். அவர்கள் வைத்த பெயர் அவ்வளவு நீளம். அக்கா அதைச் சொல்லி முடிப்பதற்குள், கூப்பிட்டவருக்குப் பொதுத் தொலைபேசியில் காசு தீர்ந்துவிடும். கடைசியாக, மூன்று வருடத்துக்கு முன், கோலாலம்பூர் குழுமம் ஒன்று வாங்கியது. முதலாளிகள் மாறினாலும் நண்டு மட்டும் பையிலேயே இருந்தது. போன வருடம் அதையும் எடுத்துவிட்டார்கள். இப்போது பையில் ஒரு வளைந்த கோடு இருக்கிறது. அதை வரைந்தவருக்குக் கொடுத்த காசோலையைத் தயார் செய்தவள் நான். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

பை மாறியதும் போன் ஓயவில்லை. எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். பெக்கான் நானாஸ் வீரமுத்துவும் கேட்டார். வீட்டுக்கு முன்னால் கார் நிறுத்தும் கூரை, வடிகால், மதில் என்று சின்னச் சின்ன வேலை எடுத்துச் செய்யும் காண்ட்ராக்டர் அவர்.

"அக்கா, நண்ட காணோமே. அதே சிமெண்டு தானே?"

"அதே தான் வீரமுத்து. சட்ட தான் மாறிருக்கு, ஆளு அதே ஆளு," என்றார் அக்கா.

அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று எங்கள் விற்பனை மேனேஜர் ஷாநவாஸ் சொல்லியிருந்தார். அக்காவும் அதை நம்பித்தான் சொன்னார். ஜொகூர் முழுக்க, கேட்டவர்கள் எல்லோருக்கும் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து வீரமுத்து மறுபடி கூப்பிட்டார். அக்கா ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. ஒரு வீட்டில் கார் கூரைக்குக் கான்கிரீட் போட்டிருக்கிறார். கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கி நிற்கும் முட்டுக் கம்புகள் அவரிடம் ஒரே ஒரு செட்தான். ஒரு வாரத்தில் கழற்றி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவது வழக்கம். நண்டு சிமெண்ட் அதற்குத் தாங்கும். இந்த முறை முட்டுகளைக் கழற்றியதும் கூரை நடுவில் தொங்கி, குறுக்காக வெடித்துவிட்டது. நல்லவேளையாகக் கீழே கார் இல்லை, ஆளும் இல்லை. எல்லாவற்றையும் உடைத்துப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும்.

"உங்கள குத்தம் சொல்லலக்கா. ஆனா அதே சிமெண்டுன்னு நீங்க தானே சொன்னீங்க."

அக்கா போனை வைத்தார். நேராக ஷாநவாஸின் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

ஷாநவாஸ் கெட்டவர் இல்லை. மறைக்காமல் சொன்னார். புதிய முதலாளிகள் கிளிங்கரைக் குறைத்து, இரும்பாலைக் கசடை அரைத்துச் சேர்க்கிறார்கள். செலவு குறைவு, ஆலைப் புகையும் குறைவு. கடைசியில் வரும் வலு பழையதற்குச் சளைத்ததல்ல. ஆனால் மெதுவாகத்தான் இறுகும். கூரைக்கு மூன்று வாரமாவது முட்டு நிற்க வேண்டும்.

"பையிலயே போட்டிருக்கு அக்கா. பின்பக்கம், கீழ."

"நண்டு படத்த பாத்து வாங்குறவங்க பாஸ் அவங்க. பின்பக்கம் யாரு படிப்பா? என் பேச்ச கேட்டு வாங்குனாங்க. அதே சிமெண்டுன்னு என்னைய சொல்ல வெச்சீங்க."

"சரி, நோட்டீஸ் அனுப்பலாம். கேஎல் ஹெட் ஆபீஸ்ல அப்ரூவல் கேட்டிருக்கேன். அதுவரைக்கும் நீங்க யார்கிட்டயும் பேசாதீங்க. சிமெண்டு சரியில்லன்னு பேச்சு கிளம்பிடும்லா. அடுத்த கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா?"

"போன வாரம் கான்கிரீட் போட்டவன் இந்த வாரம் முட்ட எடுப்பான். கேஎல் அப்ரூவல் வர்ற வரைக்கும் அந்தக் கூர காத்துக்கிட்டு நிக்குமா?"

அக்கா வெளியே வந்தார். பணி ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. மகன் சிங்கப்பூரில் வேலை பார்த்தாலும் வீட்டுக் கடன் அக்காவின் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் நான் அவர் கையைப் பிடித்து, "அக்கா, ரெண்டு நாள் பொறுங்க," என்றேன். என் கையை எடுத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆர்டர் எடுக்கும் அதே போனில், ஒவ்வொரு கடையாகக் கூப்பிட ஆரம்பித்தார்.

தமிழில், மலாயில், அரைகுறை ஹொக்கியன் சீனத்தில், எல்லோருக்கும் ஒரே சேதிதான். சிமெண்ட் மாறியிருக்கிறது. நல்ல சிமெண்ட்தான், ஆனால் மெதுவாக இறுகும். வாங்கிப்போனவர்களைத் தேடிப் பிடித்து முட்டுகளை எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். சிலர் நன்றி சொன்னார்கள். சிலர் ஏசினார்கள்.

"அப்ப போன மாசம் நீங்க சொன்னது என்னா?" என்று ஒருவர் கத்தினார்.

"தெரியாம சொன்னேன். இப்ப தெரிஞ்சு சொல்றேன்," என்றார் அக்கா.

மறுநாளும் கூப்பிட்டார். ஷாநவாஸ் ஒருமுறை வந்து பின்னால் நின்றார். தடுக்கவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை. அவருக்கும் வேலை முக்கியம்தானே.

ஆர்டர்கள் சட்டென்று விழுந்தன. கோலாலம்பூரிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அக்காவைப் போனிலிருந்து எடுத்து, ஆலைக்குப் பின்னால் இருக்கும் ஸ்டோரில், போல்ட்டும் நட்டும் எண்ணும் வேலையில் உட்கார வைத்தார்கள். ஆர்டர் எல்லாம் இனி கைப்பேசிச் செயலியில்தான் என்றார்கள். மூன்று வாரம் கழித்து கடைகளுக்கான நோட்டீஸும் வந்தது, அச்சு அசலாக அக்கா சொன்ன அதே விஷயத்தோடு. எனக்கு வந்த கோபத்துக்கு அதைக் கிழித்துப் போட்டிருப்பேன். நோட்டீஸ் வந்தபிறகும் எச்சரிக்கைக் கடிதத்தை அவர்கள் திரும்பப் பெறவில்லை. வீரமுத்துவும் வேறு கம்பெனி சிமெண்டுக்கு மாறிவிட்டார்.

"நல்லது செஞ்சு என்னக்கா கண்டீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். மதியம், ஸ்டோரில் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"தெரியலடி," என்றார். "நான் போன் பண்ணுனதால ஏதாச்சும் ஆச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்? வீணா தான் கத்துனேனோ என்னமோ."

அதைச் சொல்லும்போது அவர் முகம் வாடியிருந்தது. அந்த நேரம் பார்த்து அவருடைய கைப்பேசி அடித்தது. பண்டார் தெங்காராவில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கும் சதாசிவம். எடுத்ததுமே குறைதான்.

"என்னம்மா பிரேமலா, உங்க பேச்ச கேட்டு என் பேரு கெட்டுப்போச்சு. நம்ம கஸ்டமரு ஒருத்தரு மக நிச்சயதார்த்தத்துக்காகவே வீட்டு முன்னால பெரிய கூர போட்டாரு. போட்டு பத்து நாள் தான் ஆச்சு, முட்ட எடுக்கக்கூடாதுன்னு நான் ஒத்தக் கால்ல நின்னேன். விசேஷத்தன்னிக்கு முட்டுக்கு நடுவுல மேச போட்டு சாப்பாடு. மாப்பிள்ள வீட்டுக்காரங்க மொகத்த சுளிக்கிறாங்க. எடுத்த போட்டோவுல எல்லாம் முட்டுக் கம்பு தான் நிக்குதாம். மனுஷன் என்னைய திட்டு திட்டுன்னு திட்டுறாரு."

"எத்தன பேரு அதுக்குக் கீழ உக்காந்து சாப்பிட்டாங்கண்ணே?"

"அது என்னா கணக்கு? ஒரு பந்திக்கு அறுபது பேரு இருக்கும். புள்ளைங்க வேற அங்கேயே ஓடிப் புடிச்சு வெளையாடுச்சுங்க."

"ஒன்னும் ஆகலல்ல?"

"என்னா ஆகணும்?" என்றார் சதாசிவம் எரிச்சலாக. "ஒன்னும் ஆகல."

"மன்னிச்சுக்குங்கண்ணே. அவர்கிட்ட நான் மன்னிப்பு கேட்டதா சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தார். பிறகு எச்சில் கையோடு அப்படியே உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன்.