கைக்குத் தைத்த ரிப் உறை

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில், சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டபின், எனக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடந்தது. அதற்காக இடது மணிக்கட்டுக்கு மேலே ஒரு தமனியையும் ஒரு சிரையையும் இணைத்துத் தைத்திருந்தார்கள். ஃபிஸ்டுலா என்று பெயர். தமனியின் வேகத்தில் ரத்தம் பாய்ந்து பாய்ந்து அந்தச் சிரை முழங்கை வரை விரல் தடிமனில் புடைத்துக் கிடந்தது. தொட்டால், பனியன் துணி பின்னி ஓடுகிற நிட்டிங் மெஷின் மேல் கை வைத்தது போல அதிரும். அந்த அதிர்வு இருக்கும்வரைதான் அங்கே ஊசி போடலாம். நின்றால் வழி அடைத்துவிட்டது என்று அர்த்தம்.

எனக்கு ஒன்று விளங்கவே இல்லை. கையில் குழாய் பெருத்ததைப் பார்த்து டாக்டர் மகிழ்ந்தார். அதே டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்து, ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்புச் சத்து படிந்து தடித்திருக்கிறது என்று முகம் சுளித்தார். ஒரே உடம்பில் இங்கே தடித்தால் நல்லது, அங்கே தடித்தால் கெட்டதா? நாலு பேரிடம் கேட்டேன். நாலு விதமாகச் சொன்னார்கள்.

மைத்துனர் தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கையைப் பார்த்தார்.

"ஏனுங்க மச்சான், கையில பாம்பு வளக்கறீங்களாட்ட இருக்குது?"

"ஆமாங்க. பால் குடிக்க மாட்டேங்குது, ரத்தந்தான் கேக்குது."

அவர் சிரித்தார். என் மனைவி சிரிக்கவில்லை. அவர் போனதும், "மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க அத்தனை பேரும் இதையேதான் பாப்பாங்க" என்றாள்.

டி-சர்ட் கைமுனைக்கு வைக்கிற ரிப் துணி வீட்டில் கிடந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வருகிற மாதிரி அதில் ஓர் உறையை, ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷினில் ஓட்டிக் கொடுத்தாள்.

"இழுத்தா வருமுங்க. இறுக்காது."

அந்தக் கையில் வாட்ச் கட்டக்கூடாது, பிரஷர் பார்க்கக்கூடாது, கயிறு கூடக் கட்டக்கூடாது என்று இருவருக்கும் தெரியும். பனியன் துணி கட்டுப் போட்ட மாதிரி பிடிக்கும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. நாங்கள் பிழைத்ததே அந்தத் துணியில்தான்.

கல்யாணத்தன்று முழுக்க உறையோடு இருந்தேன்; அவிநாசி மண்டபத்தில் பதினாறு மின்விசிறிகள் சுற்றியும் வியர்த்தது. வீட்டுக்கு வந்து உறையைக் கழற்றினேன். தோலில் ரிப்பின் வரிகள் பதிந்திருந்தன. தொட்டேன். அதிர்வு இல்லை. இணைத்த இடத்தில் மட்டும் ஏதோ துடித்தது. எண்ணினேன். நிமிடத்துக்கு எழுபத்தாறு. சரியான கணக்கு.

"ஓடுதுங்களா?" என்றாள்.

"துடிக்குது."

"துடிக்கறதும் ஓடறதும் ஒண்ணுங்களா?"

மறுபடியும் எண்ணிப் பார்த்தேன்.

மறுநாள் காலை டயாலிசிஸ் முறை. அங்கே இருந்த திருநெல்வேலிப் பக்கத்து நர்ஸ் ஸ்டெதாஸ்கோப்பை என் கைமேல் வைத்தாள்.

"என்ன தாத்தா, ஒரு சத்தத்தையும் காணும்? எதையும் இறுக்கிக் கட்டாதீயன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னோம்லா?"

"துடிப்பு எழுபத்தாறு இருக்குதுங்க."

"ரத்தம் முட்டிக்கிட்டு நிக்கி. அதான் துடிக்கி. ஓடுனா அதிரும்லா. உடனே கோயம்புத்தூருக்குக் கெளம்புங்க. நாளாச்சுன்னா ரத்தக்கட்டிய எடுக்க முடியாது."

போகிற வழியெல்லாம் மனைவி என் கையைத் தொடவே இல்லை. தொட்டால் இன்னும் கெட்டுவிடும் என்று பயந்தாளோ என்னவோ.

அன்று மாலையே கையைத் திறந்து, உறைந்த ரத்தக்கட்டியை எடுத்தார்கள். அதிர்வு திரும்பியது, முன்பைவிடக் கொஞ்சம் மெல்லியதாக. அறுவை செய்த டாக்டரிடம் கேட்டேன்.

"அந்த உறையாலதானுங்களா?"

"அதுவும் இருக்கலாம். ஆனா உள்சுவர் முன்னமே தடிச்சு, வழி குறுகிப் போயிருக்கு. ஊசி குத்திக் குத்தியும் அப்படி ஆகும், வேகமான ரத்தம் இடிச்சு இடிச்சும் ஆகும். உறை இல்லாட்டியும் ஒரு நாள் அடைச்சிருக்கும்."

"எப்பங்க?"

"அதைச் சொல்ல முடியாதுங்க."

குழாயைப் பெருக்க வைத்த வேகமே அதைக் குறுக்கவும் செய்யுமா? மேலும் கேட்பதற்குள் அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

வெளியே நின்றிருந்த மனைவி உள்ளே வந்தாள். "டாக்டரு என்ன சொன்னாருங்க? என்னாலதானுங்களா?"

"உள்ளேயே குறுகி இருந்துச்சாம்."

"அப்ப என்னால இல்லீங்களா?"

இல்லை என்று சொல்லலாம். பாதி பொய்யாகிவிடும். ஆமாம் என்றாலும் பாதி பொய்தான். எந்தப் பாதி பெரியது என்று எனக்குத் தெரியவில்லை.

"தொட்டுப் பாரு" என்று கையை நீட்டினேன்.


அவள் ஒரே ஒரு விரலை, எடையே இல்லாமல், கட்டுக்கு மேலே வைத்தாள்.