திரி கொளுத்தியவன்

திரி கொளுத்தியும் வெடிக்காத மருந்துக் குழியை அரை மணி நேரத்துக்கு யாரும் நெருங்கக் கூடாது என்பது கல்குவாரி விதி. யுத்த காலத்தில், ரயில் பாதைக்கு ஜல்லி உடைத்த திருத்தணிக் குவாரியில் குமாஸ்தாவாக இருந்த நான்தான் அதைச் சுவரில் ஒட்டினேன். அங்கே வழக்கம் வேறு. திரி கொளுத்தியவனே போய்ப் பார்க்க வேண்டும், தயங்கினால் கோழை.

அன்று கொளுத்தியவன் கே.ஜி.கண்டிகைக்காரன். மழை பொய்த்து, வயலில் வேலையில்லாமல் வந்தவன்.

"இன்னும் பொகஞ்சிகினு இருக்குதுங்க மேஸ்திரி."

"பின்ன, உன் பாவாவா வந்து பாப்பான்? போடா!" என்று மேஸ்திரி அவனை இடுப்பில் உதைத்துத் தள்ளினார்.

குழி வெடித்தது. அவனுடைய இடது கை முழங்கையோடு போயிற்று. மற்றவர்கள் சம்மட்டிக் காம்பால் மேஸ்திரியின் பல்லை உதிர்த்து, விலாவை முறித்தார்கள். நான் தடுக்கவில்லை, குமாஸ்தாவின் கடமைகளில் அது இல்லை.

ஒற்றைக் கையால் பார்க்கக்கூடிய காவல்காரன் வேலையாவது கிடைக்காவிட்டால் அவன் வீட்டில் அடுப்பு எரியாது. வலது பெருவிரல் ரேகை வாங்கி, மூன்று பிரதிகளில் மேலிடத்துக்கு மனு அனுப்பினேன். ஆண்கள் வைக்க வேண்டிய இடது பெருவிரல் ரேகை இல்லாததால் மனு தள்ளப்பட்டது என்ற பதில், மறு வருஷம் ஆடிக் கிருத்திகையன்று வந்தது.