நீர்நாயும் வெங்காயத்தாமரையும்

பாதி தின்ற கெண்டை மீனை வாழையிலையில் சுற்றி எடுத்துவந்து, நான் காபி குடித்துக்கொண்டிருந்த மேசையில் போட்டார் அத்தான். அக்காவின் கணவர், பூதலூர் பக்கம் ஊர் ஏரியைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்த்தவர். "பாரு மாப்ள, ஒன் நீர்நாய் பண்ணுன வேலைய" என்றார். நான் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவன். அதனால் நான்கு கால் பிராணிகள் செய்யும் எல்லா அக்கிரமத்துக்கும் நானே ஜவாப்தாரி. அந்த மீனை நம்பித்தான் மகளை நர்சிங் சேர்ப்பதாக இருந்தார். அவர் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை.

ஆனால் அவர் கண்டுபிடித்த வழியை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. வாய்க்காலில் மிதந்த வெங்காயத்தாமரையை டிராக்டரில் அள்ளிவந்து ஏரிக்குள் விட்டார். இலை அடர்ந்துவிட்டால் நீர்நாய் நுழையாதாம், திருட்டுத்தனமாக வலை வீசுகிறவனுக்கும் வலை இறங்காதாம், மீனுக்கு நிழலாம். படித்துப் படித்துச் சொன்னேன். நீர்நாய் பசிக்குத் தின்னும், வயிறு நிறைந்தால் கரையேறி மணலில் புரண்டுவிட்டுப் போய்விடும். இந்தச் செடிக்கு நிறைவதற்கு வயிறே கிடையாது. அதற்கு வேண்டியது ஒன்றிரண்டு மீன், இதற்கு முழு ஏரியும் வேண்டும்.

"அந்தப் பூவப் பாரு, எவ்வளவு சாதுவா நிக்குது. அதுக்குப் பல்லா இருக்கு?" என்று சிரித்தார். அக்காவும் சேர்ந்து சிரித்தாள். எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது. போயும்விட்டேன்.

மாசியில் வரத்துத் தண்ணீர் நின்றது. இலைக்கடியில் காற்றில்லாமல், ஒரு விடியலில் அத்தனை மீனும் வயிறு வெளுத்து மிதந்தது. நீர்நாயைக் கண்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, "எல்லாம் அந்த நாய் கலக்கிவிட்ட தண்ணி மாப்ள" என்றார் அத்தான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இப்போது ஏரி முழுக்க ஊதாப் பூ. பைக்கில் போகிறவர்கள் இறங்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அவர் மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். போன வாரம் போனில் அவளிடம், உன் அப்பா ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்று ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டாள்.

"நீங்க சொன்னது எல்லாம் சரிதான் மாமா" என்றாள். "நீங்களே ஒரு நாள் எறங்கி, நாலு செடியப் பிடுங்கிக் கரையில போட்டிருக்கலாம்ல?"