ஒரு எச்சில் வண்டி

முன்கதவைத் திறந்து பிடித்தால் ஊசியக்கா ஏறமாட்டார். பின்கதவைத் தானே திறந்து, நகர்ந்து நகர்ந்து நடு இருக்கைக்குப் போய், தரையில் மேடு தட்டும் இடத்துக்கு இருபுறமும் காலை வைத்து உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொள்வார். பிறகு புடவைக்கு மேல் போட்டிருக்கும் வேலைச் சட்டையின் காலரைத் தடவி ஒரு சன்ன ஊசியை உருவுவார். "ம், போகலாம்." வண்டி நகர்ந்து வேகம் பிடித்த பிறகுதான் நூல் நுனியை உதட்டில் வைத்து ஈரப்படுத்துவார்.

ஓடுகிற வண்டியில் ஊசிக்கு நூல் கோர்ப்பதுதான் அவருடைய டெஸ்ட் டிரைவ். வேகத்தடை, பாலத்து இணைப்பு, ரயில்வே கேட், எது வந்தாலும் கை நிற்காது. முதல் தடவையிலேயே நூல் நுழைந்துவிட்டால் அது ஒரு எச்சில் வண்டி. தவறிப்போய் மறுபடி நுனியை ஈரப்படுத்தினால் ரெண்டு எச்சில். மூன்று வரைக்கும் யோசிக்காமல் வாங்கலாம். ஐந்தைத் தாண்டினால் ஊசியைக் காலரில் குத்திவிட்டு, "இதுல முட்டை வாங்கிட்டு வந்தா வீட்டுக்கு ஆம்லெட்டாத்தான் வந்து சேரும்" என்பார். அதோடு அந்த வண்டியின் கதை முடிந்தது.

ஆறு ஷோரூம்களில் அவரைத் தெரியும். கழுத்தில் டை கட்டியவர்கள், வண்டியின் வேகத்தையும் திறனையும் இங்கிலீஷில் ஒப்பிப்பவர்கள், அவர் வாசலில் செருப்பைத் தட்டிவிட்டு ஏறும்போது மட்டும் எச்சிலை விழுங்குவார்கள். கம்பெனிக்காரன் கோடிக்கணக்கில் கொட்டி வண்டி செய்கிறான். அதை ஒரு நூல் நுனியில் எடைபோடுகிற தைரியம் எத்தனை பேருக்கு வரும்?

அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. தொழில், சீட் கவர் தைப்பது. படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. இருபத்திரண்டு வயதில் வீட்டில் உட்கார்ந்து பெண்களுக்கு உடை தைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு டாக்ஸிக்காரர் வந்து கிழிந்த சீட்டைக் காட்டி, "இதுக்கும் ஒரு சட்டை தைப்பியா?" என்று கிண்டலாகக் கேட்டார். அக்கா சிரிக்கவில்லை. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய் வண்டிக்குள் படுத்தார். இன்றைக்கு நாலு மெஷின், மேலே ஒரு மாடி, வாசலில் வரிசையாக வண்டிகள். யாரும் தூக்கிவிடவில்லை, தானாக ஏறி வந்தவர். அதைச் சொல்லவும் அவருக்குக் கூச்சம் கிடையாது. "நான் நாலாவது. என் கண்ணு எம்.ஏ.," என்பார்.

அந்தப் பெருமை வீண் பெருமை இல்லை. புது மாடல் வந்தால் துணியைத் தொடுவதற்கு முன் சீட்டின் பக்கவாட்டை விரலால் அழுத்திப் பார்ப்பார். உள்ளே காற்றுப் பை இருந்தால், அது வெடித்து வெளியே வர வேண்டிய இடத்தில் மட்டும் பிடிப்பில்லாத நூலைப் போட்டுத் தைப்பார். மற்ற இடமெல்லாம் யானை இழுத்தாலும் பிரியாது. அந்த ஒரு சாண் மட்டும் தொட்டால் விட்டுக்கொடுக்கும். வழவழவென்று கவர் மாட்டிக் காசு வாங்குகிற எத்தனையோ கடைகளில் இந்த விவரம் தெரிந்த ஆளைத் தேட வேண்டும். பெல்ட் போடாமலே அலாரத்தை ஊமையாக்குகிற கிளிப்பைக் கேட்டு ஒருவர் வந்தார். அக்கா அவருக்கு ஸ்டியரிங் கவர், காலடி விரிப்பு, கழுத்துத் தலையணை எல்லாம் விற்றுவிட்டு, கிளிப்புக்கு மட்டும் கையை விரித்தார். "அது நம்ம கடையில இல்ல. ஆஸ்பத்திரி பக்கத்துல கேட்டுப் பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்ரோல் பங்கின் காற்றடிக்கும் மூலையில் கார்ப் பித்தர்கள் கூடுவார்கள். பல் டாக்டருக்குச் சன்ரூஃப் இல்லாத வண்டி வண்டியே இல்லை. கூரியர்காரருக்கு அலாய் வீல், கலர் விளக்கு, பின்பக்கக் கேமரா என்று எதையாவது மாட்டிக்கொண்டே இருக்க வேண்டும்; அவர் வண்டி இரவில் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். பேக்கரிக்காரர் எல்லா வண்டியின் மைலேஜையும் மனப்பாடமாகச் சொல்வார். மூன்று பேரும் அக்காவைவிட மூத்தவர்கள். மூன்று பேரும் அவரை அக்கா என்றே கூப்பிடுவார்கள். ஒன்றரை மணி நேரம் சண்டை போட்ட பிறகு யாராவது ஒருவர், "எல்லாம் சரி, எத்தனை எச்சில்?" என்று கேட்டால் பேச்சு அடங்கிவிடும்.

நடுச் சீட்டில் ஏன் உட்காருகிறார் என்று ஒருமுறை டாக்டர் கேட்டார். "ஓட்டுறவருக்கு ஸ்டியரிங் இருக்கு, பக்கத்துல உட்கார்றவருக்குக் கைப்பிடி இருக்கு. நடுவுல உட்கார்றவங்கதான் வீட்டுல வாயே திறக்காதவங்க. அவங்களுக்கு யாரு டெஸ்ட் டிரைவ் குடுக்கறா?" என்றார் அக்கா.

பேக்கரிக்காரர் ஆறு மாதமாக ஒரு காரைத் தேடிக்கொண்டிருந்தார். மைலேஜுக்காக அல்ல. அவருடைய மனைவிக்கு முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்து பத்து மாதம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியைத் தவிர அந்தம்மா எங்கும் போனதில்லை. இருந்த பழைய வண்டியில் இரண்டு தெரு தாண்டுவதற்குள் கண்ணில் நீர் வந்துவிடும். நாலு மணி நேரப் பயண தூரத்தில் மகள் இருந்தாள். தலைப்பிரசவம், இன்னும் மூன்று வாரம். "அம்மா வருவாங்கல்ல?" என்று தினமும் போனில் ஒரே கேள்வி.

ஒருவழியாக ஒரு வண்டி அமைந்தது. அந்தம்மாவுக்குப் பிடித்த நிறத்தில், ஷோரூம் முற்றத்திலேயே தயாராக நின்றது. வேறொருவர் கேட்டுக்கொண்டிருந்தார், சனிக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் அவருக்குப் போய்விடும், அடுத்தது வர மூன்று மாதம் ஆகும். அதற்கு ஆறு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, ஓட்டிப் பார்க்கப் போனார்கள். பேக்கரிக்காரர் ஸ்டியரிங்கில், ஷோரூம்காரர் பக்கத்தில், பின்னால் அந்தம்மா ஜன்னலோரம், அக்கா நடுவில்.

எட்டு எச்சில்.

நல்ல சாலையிலேயே நூல் ஊசியின் தலையை மோதி மோதி வளைந்தது. வண்டி ஷோரூமுக்குத் திரும்பி நிற்கும்போதும் கோர்த்தபாடில்லை. அக்கா ஊசியைக் காலரில் குத்தினார். முட்டைக் கதையைக்கூடச் சொல்லவில்லை; அந்தம்மாவுக்கு முன்னால் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

"எனக்கு ஒண்ணும் வலிக்கலையேங்க," என்றார் அந்தம்மா மெதுவாக.

"நீ சும்மா இரு. ஊசி பொய் சொல்லாது," என்றார் பேக்கரிக்காரர்.

அந்தம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாலு மணி நேரம் உட்காரப்போகிற முதுகு அங்கேயே, ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. எல்லாரும் ஊசியைக் கேட்டார்கள். கார்ப் பித்தர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது.

அக்காவின் கணவர் கடையில் துணி வெட்டுபவர். வாய் அதிகம் கிடையாது. காலையில் அவர்தான் கடையைத் திறப்பார். அக்கா சமையலை முடித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வருவார். புதன்கிழமை கணவர், தன் தம்பி வீடு மாற்றுகிறார் என்று உதவிக்குப் போய்விட்டார். அன்றைக்கு அக்காவே ஷட்டரைத் தூக்கி, மெஷின் முன்னால் உட்கார்ந்து பார்த்தார். ஊசியில் நூல் இல்லை; இரவு மூடும்போது நூலை உருவிவைப்பது கடை வழக்கம். இரண்டாவது மெஷினிலும் இல்லை. நாலிலும் இல்லை. இதில் என்ன இருக்கிறது என்று நூலை எடுத்து நுனியை ஈரப்படுத்தினார்.

ஆறு தடவை. ஒன்பது தடவை. பதினொன்று.

அக்கா கீழே குனிந்து ஸ்டூலின் காலைப் பார்த்தார். தரையில் கல் மாதிரி நின்றது. பிறகு காலரிலிருந்து கை ஊசியை உருவி முகத்துக்கு நேரே பிடித்தார். ஊசியின் காது தெரியவில்லை. கையை மெல்ல மெல்ல நீட்டினார். முழங்கை முழுக்க நீண்ட பிறகு, அதோ, காது பளிச்சென்று தெரிந்தது. நூலைக் கொண்டுபோகத்தான் அந்தத் தூரத்தில் வாகில்லை. நாற்பத்துநாலு வயது. அந்த வயதில் ராஜாவுக்கும் வரும், கூலிக்காரனுக்கும் வரும். ஆனால் எம்.ஏ. படித்த கண்ணுக்கு வரும் என்று அவர் நினைத்ததே இல்லை.

கணவருக்குப் போன் போட்டார்.

"எத்தனை நாளா?"

"எது?"

"காலையில வந்து நாலு மெஷினுக்கும் நூல் கோத்து வைக்கிறது."

அந்தப் பக்கம் யாரோ பீரோவை இழுக்கிற சத்தம் கேட்டது. "போன மழைக்கு முன்னாடியிலிருந்து," என்றார் அவர்.

"ஏங்க, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா ஒத்துக்குவியா?"

அக்கா போனை வைத்துவிட்டார். நூல் இப்போதெல்லாம் அடிக்கடி அறுவதில்லை, கம்பெனிக்காரன் நல்ல நூல் போடுகிறான் என்று வாடிக்கையாளர்களிடம் புகழ்ந்துகொண்டிருந்தவர் அவர். நடுவில் அறுந்தால்கூட, அவர் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் கோர்த்திருக்கும்.

பன்னிரண்டு மணிக்கு ஷட்டரை இறக்கினார். இருபத்திரண்டு வருடத்தில் வேலை நாளில் நடுப்பகலில் அந்த ஷட்டர் இறங்கியது அதுதான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கலாம், யாருக்கும் தெரியாமல் ஒரு கண்ணாடி வாங்கிக்கொள்ளலாம், பழியைச் சாலை மேல் போட்டுவிடலாம். பெயரைக் காப்பாற்றிக்கொள்ள ஆயிரம் வழி இருந்தது. அவர் நேரே பேக்கரிக்கு நடந்தார்.

பேக்கரிக்காரர் அடுப்பிலிருந்து தட்டை இழுத்துக்கொண்டிருந்தார். கெட்ட நேரத்துக்கு, டாக்டரும் கூரியர்காரரும் அங்கேயே பன்னைப் பிய்த்துக்கொண்டு ஒரு புது வண்டியின் விளம்பரத் தாளை விரித்து வைத்திருந்தார்கள். அக்கா ஒரு நொடி வாசலில் நின்றார். பிறகு உள்ளே வந்து, மூன்று பேருக்கும் கேட்கும்படியே சொன்னார்.

"அந்த வண்டியில தப்பு இல்ல. என் கண்ணுலதான் தப்பு. ஆடாத ஸ்டூல்ல உட்கார்ந்து பதினொரு எச்சில் ஆச்சு எனக்கு."

டாக்டர் பன்னை மெல்லுவதை நிறுத்தினார். அவர் மூன்று மாதம் முன்பு, நாலு எச்சில் என்று ஒரு வண்டியை விட்டுவிட்டு வேறொன்று வாங்கியவர். "அப்ப... நான் விட்ட வண்டி?"

"அதுவும் சந்தேகந்தான் டாக்டர். அந்த நாலுல ரெண்டு என்னுது."

கூரியர்காரர் சூழ்நிலையைத் தணிக்கப் பார்த்தார். "அட, ஒரு கண்ணாடி போட்டாச் சரியாப் போச்சு. இதுக்குப் போய் யாராவது கடையை மூடுவாங்களா அக்கா?"

"கண்ணாடி எனக்குத் தம்பி. வண்டி அந்தம்மாவுக்கு. சனிக்கிழமை போயிடும்."

கோபத்தில்கூட அக்கா யாரையும் தம்பி என்பதில்லை. அதுவும் தன்னைவிட ஆறு வயது மூத்தவரை. கூரியர்காரர் விளம்பரத் தாளை மடித்து வைத்தார்.

பேக்கரிக்காரருக்குத் தட்டை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "ஊசி இல்லாம இப்ப எப்படிக்கா முடிவு பண்றது?" என்றார். கேட்கும்போதே அவருக்குக் குரல் இறங்கிவிட்டது.

"பத்து மாசமா வலிக்கிற முதுகு ஒண்ணு உங்க வீட்டிலேயே இருக்கு. அதுகிட்ட நீங்களும் கேக்கல. பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன், நானும் கேக்கல."

வெள்ளிக்கிழமை பிற்பகல் மறுபடி அதே வண்டி. அதே நிறம், அதே ஷோரூம்காரர். அக்கா அன்று காலையில்தான் கண்ணாடி வாங்கியிருந்தார். அது டப்பாவோடு சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது. ஷோரூம்காரர் பின்கதவை அகலத் திறந்து, "இன்னிக்கு எத்தனை எச்சில் அக்கா?" என்று சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை எட்டு வாங்கிய கலக்கம் அவருக்கு இன்னும் போகவில்லை. அக்கா நகர்ந்து நகர்ந்து நடுவுக்குப் போனார். அந்தம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, பழக்கப்படி இரண்டு கையாலும் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டார்.

முதல் வேகத்தடையில் அந்தம்மாவின் விரல்கள் இறுகின. இரண்டாவதில் அவ்வளவு இல்லை. பாலத்து இணைப்பு தடதடத்தபோது ஒரு கை மடிக்கு வந்தது. முன்னால் பேக்கரிக்காரர் மைலேஜ் கணக்கு ஒன்றைத் தொடங்கியிருந்தார்; தொடுதிரையில் வரைபடம் எப்படிப் பெரிதாகும் என்று ஷோரூம்காரர் விளக்கிக்கொண்டிருந்தார். ரயில்வே கேட் வந்தது, போனது. அக்காவின் கை தன்னாலே காலருக்குப் போய் ஊசியை உருவியது. நூலைத் தேடியபோது தோளில் ஏதோ கனமாக விழுந்தது.

அந்தம்மாவின் தலை. வாய் லேசாகத் திறந்திருந்தது. மடியில் இருந்த கை மல்லாந்து கிடந்தது. உட்கார்ந்தபடி அவர் தூங்கிப் பத்து மாதம் ஆயிற்று என்று பேக்கரிக்காரர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

அக்கா மூச்சைக்கூட மெதுவாக விட்டார். தூங்குகிற முகத்தில் படாமல் ஊசியை மறுபக்கக் கைக்கு மாற்றி, நூல் இல்லாமலே, மறுபக்கக் காலரில் குத்தினார். முன்னால் மைலேஜ் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. தூரத்தில் ஷோரூமின் கொடிகள் தெரிந்தன. பேக்கரிக்காரர் உள்ளே திரும்ப இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, கண்ணாடியில் பின்பக்கத்தைப் பார்த்தார்.

அக்கா உதட்டில் ஒரு விரலை வைத்தார். பிறகு அதே விரலை எடுத்து, தோள் அசையாமல், காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்: இன்னொரு சுற்று.