கூடத்தில் ஒரு புள்ளி

காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பும் வைதேஹி, அரியமங்கலத்திலிருந்து ஸ்ரீரங்கம் திரும்ப சாயங்காலம் ஆறாகிவிடும். அதுவரை எழுபத்தெட்டு வயது அப்பா கோபு வீட்டில் தனியாகத்தான் இருப்பார். போன வருஷம் ஒரு தடவை வழுக்கி விழுந்து, தெய்வாதீனமாக முழங்கைச் சிராய்ப்போடு தப்பினார். அன்றிலிருந்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் அவள் பஸ் ஏறுவாள், ஒன்பது மணிக்கு வீட்டுக்கு போன் அடிப்பாள்.

துணைக்கு ஆள் வைக்கலாம் என்றால் மடி, ஆசாரமெல்லாம் கெட்டுப்போகும் என்பார். கேமரா மாட்டலாம் என்றாள். அவ்வளவுதான், மனிதர் ஒற்றைக்காலில் நின்றுவிட்டார்.

“பெருமாள் அமுது செய்யறச்சே, சாப்பிடறதைப் பாக்கப்படாதுன்னு நானே திரையைப் போட்டுட்டு ஒதுங்கி நிக்கறேன். உன் கேமரா மட்டும் உத்துப் பாக்குமா?”

வைதேஹி வேறு வழி தேடினாள். மோட்டார்களுக்கு கண்ட்ரோல் பேனல் செய்யும் பட்டறையில் இருபது வருஷமாகச் சோதனைப் பிரிவில் இருப்பவள் அவள். அவள் பார்த்து அனுப்பிய பேனல் திரும்பி வந்ததில்லை என்று முதலாளி நஸ்ருல்லா ஊரெல்லாம் சொல்வார். எதையும் மூன்று முறை சோதிக்காமல் நம்பமாட்டாள். கொத்தமல்லிக் கட்டைக்கூட உதறிப் பார்த்துத்தான் வாங்குவாள்.

தீப்பெட்டி அளவில் ஒரு ரேடார் சென்சார், அதை இயக்க ஒரு மைக்ரோகண்ட்ரோலர். ஒரு கிலோ காப்பிப் பொடி விலையில் இரண்டும் வந்துவிட்டன. அந்த ரேடாருக்கு முகம் தெரியாது, உடம்பு தெரியாது. கூடத்தில் எது அசைகிறதோ அது எங்கே இருக்கிறது என்று மட்டும் அவளுடைய போனில் ஒரு புள்ளியாகக் காட்டும். இருபது நிமிஷம் புள்ளியே இல்லையென்றால் போன் அலறும்.

“முகம் தெரியாதுன்னா சரி. புள்ளியா இருந்துட்டுப் போறேன்” என்றார் கோபு.

மூன்று ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூடத்தில் நடக்கவைத்து, உட்காரவைத்துச் சோதித்தாள். மின்விசிறியை ஆள் என்று காட்டியது. அந்த இடத்தை விலக்கி நிரலைத் திருத்தினாள். ஜன்னல் திரையையும் அப்படியே. அதன்பின் இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. பஸ்ஸில் போகும்போது போனைத் திறப்பாள், புள்ளி நடமாடும், நெருப்பு அணையும். அவள் வாழ்க்கையிலேயே நிம்மதியான இரண்டு மாதம் அதுதான்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலை ஒன்பது மணிக்குப் புள்ளி கூடத்தின் நடுவில் லேசாக முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது.

“பாருங்க பாய், எங்கப்பா. நின்னுண்டே பாராயணம் பண்றார்போல” என்று நஸ்ருல்லாவிடம் காட்டினாள்.

“நல்லா இருக்கட்டும்மா. எங்க அத்தாவுக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க” என்றார் அவர்.

பத்தரைக்கும் அப்பா அங்கேயே நின்றார். பெருமைக்காரிக்கு அப்போதும் சந்தேகம் வரவில்லை. பன்னிரண்டு மணிவாக்கில் புள்ளி மங்கி, விட்டுவிட்டுத் தெரிந்து, மறைந்தது. இருபது நிமிஷத்தில் போன் அலறியது. அப்பாவை அழைத்தாள், எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்து, காவிரிப் பாலத்தின் நெரிசலில் அழாத குறையாக உட்கார்ந்திருந்து, வீடு வந்து கதவைத் திறந்தாள்.

கூடத்தில் அப்பா இல்லை. நடுவில், உயரக் கொடியில், அவருடைய மடி வேஷ்டி மின்விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. குளித்ததும் தானே துவைத்து, மறுநாள்வரை யாரும் தொடாதபடி கொல்லையில் உலர்த்துகிற வேஷ்டி. மழை என்பதால் கூடத்துக்கு வந்திருக்கிறது. ஈரத்துணி ரேடாருக்கு ஆளாகத் தெரிந்திருக்கிறது, உலர்ந்ததும் மறைந்துவிட்டது. விசிறியையும் திரையையும் யோசித்தவள், பிறந்ததிலிருந்து பார்த்துவரும் இதை யோசிக்கவில்லை.

“அப்பா!”

கொல்லைப்புறக் கதவருகே ஈரத் தரையில் கிடந்தார். நினைவு இருந்தது. வலது இடுப்பை அசைக்க முடியவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“எப்போப்பா விழுந்தேள்?”

“வேஷ்டியை உலத்திட்டு, வாளியை வைக்க வந்தேன். எட்டரை இருக்கும்.”

நாலரை மணி நேரம்! அவள் வாய்விட்டு அழுதாள். அவர் கையைத் தூக்கி அவள் கன்னத்தைத் தொட்டார்.

“அழாதேம்மா. ஒன்பது மணிக்கு உன் போன் அடிக்கும், நான் எடுக்கலேன்னா நீ பதறிண்டு வருவேன்னு தைரியமாத்தான் படுத்திருந்தேன். அப்பறம்தான் ஞாபகம் வந்தது, அந்தப் புள்ளி வந்ததுலேர்ந்து நீ கூப்பிடறதே இல்லையேன்னு.”