ஹோலுப்புக்குக் கிடைத்த சனிக்கிழமை

நெப்ராஸ்காவில் பிளாட் ஆற்றை ஒட்டிய ஒரு சின்னக் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் கார்ல் ஹோலுப் நான்கு வருடமும் இரண்டாவது குவார்ட்டர்பேக்காகவே இருந்தான். பந்தை வாங்கிக்கொண்டு, முன்னால் ஓடும் ஆட்களில் யாருக்கு எறிவது என்று இரண்டு மூன்று நொடிக்குள் முடிவு செய்கிறவன் குவார்ட்டர்பேக். முதல் ஆள் அடிபட்டால்தான், அல்லது சொதப்பினால்தான், இரண்டாமவனுக்கு வேலை. கார்லுக்குப் புத்தியில் குறைவில்லை. கைதான் ஒத்துழைக்கவில்லை. முப்பது கஜத்தைத் தாண்டினால் அவன் எறிந்த பந்து காற்றில் தள்ளாடியது.

பயிற்சியாளர் டன்லீவி பந்தை எறியும் தன் வியூகங்களுக்கெல்லாம் நெடுஞ்சாலையில் வரும் ஊர்களின் பெயரை வைத்திருந்தார். கியர்னி என்றால் ஓரத்து ஆட்கள் இருவரும் பத்து கஜம் ஓடித் திரும்பி நிற்க வேண்டும். ஒகலாலா என்றால் நான்கு பேரும் நேராகக் கடைசி வரை ஓட வேண்டும். இப்படி அறுபத்துச் சொச்சம். அத்தனையும் கார்லுக்குத் தலைகீழ்ப் பாடம்.

ஆட்ட நாளில் அவனுக்கு ஓரக்கோட்டில் நின்று, அடுத்த வியூகம் எது என்று களத்திலிருக்கும் குவார்ட்டர்பேக்குக்குச் சைகை காட்டும் வேலை. மூன்று பேர் நிற்பார்கள், மூவரும் கையை ஆட்டுவார்கள், ஒருவன் காட்டுவது மட்டும்தான் மெய். எதிரணி கண்டுபிடித்துவிடாமல் இருக்க, சிவப்பு, பச்சை, வெள்ளை என்று மூன்று தொப்பிகளைத் தங்களுக்குள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். ஆட்டத்தின் நான்கு கால்பகுதிகளில் இந்தக் கால்பகுதிக்கு எந்த நிறத் தொப்பியைப் பார்க்க வேண்டும் என்று டன்லீவி குவார்ட்டர்பேக்கின் காதில் முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

கார்லின் கடைசி வருடத்தில் ஒமாஹாவிலிருந்து நோலன் ரீவ்ஸ் வந்து சேர்ந்தான். பதினெட்டு வயது. அவன் கையிலிருந்து கிளம்பிய பந்து அறுபது கஜத்துக்குக் கோடு இழுத்த மாதிரி போனது. முதல் வாரப் பயிற்சியைப் பார்த்ததுமே, இந்த வருடமும் தனக்கு ஓரக்கோடுதான் என்று கார்லுக்குப் புரிந்துவிட்டது.

பயிற்சியில் நோலன் ஒரு தப்புக்கூடச் செய்யவில்லை. ஆனால் ஆட்டம் என்று வந்தபோது வேறு ஆளாக இருந்தான். டன்லீவி சைகை மூலம் கியர்னி என்று சொல்லி அனுப்புவார், நோலன் தன் ஆட்களிடம் ஒகலாலா என்பான். எதிரணியின் காவலர்கள் பின்னால் தள்ளி நின்று காத்திருக்க, பந்து நேராக அவர்கள் கைக்கே போகும். முதல் மூன்று ஆட்டங்களும் தோல்வி. ஏன் இப்படிச் செய்கிறாய் என்று எல்லார் முன்னிலும் டன்லீவி கேட்டபோது, "எனக்கு அதுதான் சரின்னு பட்டுது கோச்" என்று நோலன் தரையைப் பார்த்துச் சொன்னான். அன்றிலிருந்து அணியில் அவனுக்குப் 'பெரிய கோச்' என்று பெயர் விழுந்தது. "பெரிய கோச் உத்தரவு குடுத்தா சாப்பிடலாமா?" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்பார்கள். அவன் குனிந்து தன் தட்டைக் காலி செய்வான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதிச் சமையலறைக்கு விடுமுறை. ஒமாஹாக்காரன் பட்டினி கிடக்க வேண்டாமே என்று கார்ல் அவனைத் தன் வீட்டுப் பண்ணைக்கு அழைத்துப் போனான். மதியம் இறைச்சியும் பீன்ஸும் சேர்த்து வேகவைத்த சில்லியும் பட்டைத்தூள் தூவிய ரொட்டிச் சுருளும் சாப்பிட்டுவிட்டு முற்றத்துக்கு வந்தார்கள். சோள அறுவடைக் காலம் என்பதால் வீட்டுப் பச்சை டிராக்டரோடு பக்கத்துப் பண்ணைக்காரரின் சிவப்பு டிராக்டரும் அங்கே நின்றது. கார்லின் அப்பா எட் எதையோ கழற்றிக்கொண்டிருந்தார்.

"தம்பி, பச்சை டிராக்டர் சீட்டுக்கு அடியில டூல்ஸ் பெட்டி இருக்கும், எடுத்துட்டு வாப்பா" என்றார் நோலனிடம்.

நோலன் இரண்டு டிராக்டருக்கும் நடுவில் ஒரு கணம் நின்றான். பிறகு சிவப்பில் ஏறித் தேடினான்.

"நாப்பது வருஷமா இந்தப் பக்கத்துல பச்சை டிராக்டர் கம்பெனிக்காரனுக்கும் செவப்பு கம்பெனிக்காரனுக்கும் சண்டை. இவன் என் முத்தத்துல நின்னுக்கிட்டே கட்சி மாறுறான்" என்று எட் சிரித்தார். ஏதோ ஞாபகத்தில் இருந்துவிட்டதாகச் சொல்லி நோலனும் சிரித்தான்.

கார்லுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் நோலன் நின்ற அந்த நிற்பைக் கார்ல் களத்தில் பார்த்திருக்கிறான். தான் சிவப்புத் தொப்பியோடு மெய்ச் சைகை காட்டிக்கொண்டிருக்கும்போது, நோலனின் கண் ஒரு கணம் அலைந்துவிட்டுப் பச்சைத் தொப்பிக்காரனிடம் போய் நின்றதைப் பார்த்திருக்கிறான். சாயங்காலம் அறைக்குத் திரும்பியதும் ஆட்டக் குறிப்பு நோட்டைப் பிரித்தான். அதை எழுதி வைப்பதும் இரண்டாவது ஆளின் வேலைதான். வெள்ளைத் தொப்பிக் கால்பகுதிகளில் நோலன் ஒரு தப்பும் செய்திருக்கவில்லை. சிவப்பிலும் பச்சையிலும் பாதிக்குப் பாதி தப்பு. பயிற்சியில் தொப்பியே கிடையாது.

திங்கட்கிழமை காலை நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு டன்லீவியின் அறைக்குப் போனான். அவன் வாயைத் திறப்பதற்குள் அவர் பேசிவிட்டார்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன். சனிக்கிழமை நீதான் ஆடுற, ஹோலுப்."

"சரி கோச்" என்றான் கார்ல். நோட்டு பையிலேயே இருந்தது.

நாளைக்குச் சொல்லலாம் என்று செவ்வாயன்று நினைத்தான். புதனன்று அப்பா போன் செய்து, அறுவடையை ஒருநாள் நிறுத்திவிட்டுக் குடும்பத்தோடு வருவதாகச் சொன்னார். அதற்குப் பிறகு நாளைக்கு என்றுகூட அவன் நினைக்கவில்லை. அந்த வாரம் அவன் நன்றாகச் சாப்பிட்டான், நன்றாகத் தூங்கினான். அதுதான் பின்னால் அவனை அதிகம் உறுத்தியது.

சனிக்கிழமை பதினேழுக்குப் பதினான்கு என்று ஜெயித்தார்கள். அவன் கையை அறிந்த டன்லீவி குறுகிய தூர வியூகங்களாகவே சொல்லி அனுப்பினார், கார்ல் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. கடைசிக் கால்பகுதியில் ஒரே ஒரு முறை ஒகலாலா வந்தது. ஓரத்து ஆள் காவலனைத் தாண்டித் தன்னந்தனியாக ஓடிக்கொண்டிருந்தான். கார்ல் உடம்பிலிருந்த பலத்தையெல்லாம் திரட்டி எறிந்தான். பந்து அந்த ஆளை எட்டாமல் ஐந்து கஜம் முன்னாலேயே புல்லில் விழுந்தது. ஓரக்கோட்டில் சைகைத் தொப்பியோடு நின்ற நோலன் மட்டும் கைதட்டி, "பரவால்ல, அடுத்தது பாரு" என்று கத்தினான்.

ஆட்டம் முடிந்ததும் அம்மா அவனைக் கட்டிக்கொண்டாள். அப்பா தோளில் இரண்டு தட்டு தட்டினார். கார்ல் எல்லாரோடும் நின்று படம் எடுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை துணி துவைக்கும் அறையில் நோலன் தனியாக இருந்தான். கார்ல் சுற்றி வளைக்கவில்லை.

"உனக்குச் செவப்பும் பச்சையும் ஒண்ணாத் தெரியுது, இல்ல?"

நோலன் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தான். "யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. எங்க வீட்டு டிராக்டரைப் பாத்தப்ப புரிஞ்சுது. அப்புறம் நோட்டைப் பாத்தேன்."

"அது போன ஞாயித்துக்கெழமை."

"ஆமா."

"அப்போ ஆட்டத்துக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்."

நோலன் மடித்த சட்டையைக் கூடையில் வைத்தான். பிறகு, பள்ளியில் ஒருமுறை இதை வெளியே சொன்ன கதையைச் சொன்னான். மறுநாள் முதல் ஒவ்வொருவனும் எதையாவது தூக்கிக் காட்டி இது என்ன நிறம் என்று கேட்டானாம், வருடம் முழுக்க. "அதுக்குத் திமிர் புடிச்சவன்னு பேர் வாங்குறதே தேவலாம்னு இருந்துட்டேன்" என்றான். கார்லை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. "நான் மறைச்சது என்னோட விஷயம். நீ மறைச்சதும் என்னோட விஷயம்தான், ஹோலுப்."

டன்லீவியிடம் தானும் கூட வருவதாகக் கார்ல் சொன்னான். திங்கட்கிழமை இருவரும் சேர்ந்தே டன்லீவியிடம் போனார்கள். நோலன் சொல்லி முடித்ததும் அவர் மேசைமேல் கிடந்த தொப்பிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"மூணு வாரமா உன்னை எல்லார் முன்னாடியும் வறுத்தெடுத்தேன்" என்றார்.

"ஆமா கோச்."

"இதை எப்பக் கண்டுபிடிச்சீங்க?"

"நேத்து" என்றான் நோலன் முந்திக்கொண்டு.

"இல்ல கோச். அதுக்கு முந்தின ஞாயித்துக்கெழமையே எனக்குத் தெரியும்" என்றான் கார்ல்.

டன்லீவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர், "கடைக்குப் போய் மூணு வெள்ளைத் தொப்பி வாங்கிட்டு வா. நெத்தியில பெருசா நம்பர் எழுதிடு" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

மறுபடி முதல் ஆளாக இறங்கிய நோலன் ஒரே வாரத்தில் வீரனாகிவிடவில்லை. அடுத்த ஆட்டத்திலும் இரண்டு பந்துகளை எதிரணியிடம் கொடுத்தான். ஆனால் அவை அவனுடைய சொந்தத் தப்புகள். ஆகவே திருத்த முடிந்தது. தூரத்து ஆளையே பார்த்துக்கொண்டு நிற்கும் பழக்கம் குறைந்து, பக்கத்தில் காலியாக நிற்பவனுக்கு நேரத்தில் கொடுத்துவிடக் கற்றுக்கொள்ள அந்தப் பருவம் முழுவதும் ஆயிற்று. மூன்றாவது வருடம், எதிரணி நிற்கும் நிலையைப் பார்த்து வியூகத்தைத் தானே மாற்றிச் சொல்லும் உரிமையை டன்லீவி அவனுக்குக் கொடுத்தார்.

கார்ல் அந்த வருடம் மீதமிருந்த ஆட்டங்களிலெல்லாம் நம்பர் போட்ட தொப்பியோடு சைகை காட்டினான். களத்துக்கு வெளியே நோலன் அவனோடு பேசவே இல்லை. கடைசி வெளியூர் ஆட்டம் முடிந்து பேருந்தில் திரும்பும்போதுதான் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, சூரியகாந்தி விதைப் பொட்டலத்தை நீட்டினான். கார்ல் ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டான். ஊர் வரும்வரை இருவரும் கொறித்துக்கொண்டே வந்தார்கள்.

படிப்பு முடிந்து கார்ல் உள்ளூர் தானியக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். லாரியில் வரும் சோளத்தின் ஈரப்பதம் பார்ப்பது அவன் வேலை. நோலன் கல்லூரியில் இருந்தவரை இலையுதிர்காலப் புதன்கிழமைகளில் போன் செய்து, அடுத்து மோதப்போகிற அணியின் காவலர்கள் நிற்கும் விதத்தைப் பற்றிப் பேசுவான். அந்த ஒரு வாரத்தைப் பற்றி இருவரும் பேச்செடுத்ததே இல்லை.

கார்லின் மனைவி டெனிஸுக்கு மட்டும் முழுக்கதையும் தெரியும். இன்னொரு தடவை அதே நிலைமை வந்தால் திங்கட்கிழமையே சொல்லிவிடுவாயா என்று ஒருநாள் அவள் கேட்டாள். கார்ல் தேய்த்துக்கொண்டிருந்த தட்டைத் தண்ணீரில் அலசினான்.

"சொல்லிடுவேன்னுதான் நெனைக்கிறேன்" என்றான். சற்றுப் பொறுத்து, "ஆனா எங்கப்பா அறுவடையை நிறுத்திட்டு வந்தது அந்த ஒரு தடவைதான்" என்றான்.

டெனிஸ் தட்டை வாங்கித் துடைத்தாள்.