ஓர்கிட் கணுவில் திருநீறு

கொழுந்தெடுக்கப் போகிற நாளில் என் மனைவி நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு, விரலில் மிஞ்சியதை லயத்து வீட்டு வாசலில் தொங்கும் ஓர்கிட் செடியின் மேல் இலைக் கணுவில் தடவிவிட்டுத்தான் பெரட்டில் பேர் கொடுக்கக் கிளம்புவாள். இறம்பொடைப் பக்கம் சாய்ந்து கிடந்த மரத்திலிருந்து எடுத்த செடி அது. அன்றைக்குப் பஸ்ஸில் நல்ல கூட்டம். முந்தானையில் அதைப் பொத்திக்கொண்டு ஹட்டன் வரை நின்றே வந்தாள். "என்னடி, புள்ளத்தாச்சி மாதிரி வர்ற" என்றேன். செடியை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் போய், கருமாதி முடிந்த மறுவாரம், செடியில் இலை தண்டோடு சேரும் இடமெல்லாம் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. பக்கத்துக் காம்பரா வீட்டுப் பெண்தான் முதலில் பார்த்தாள்.

"அண்ணே, திருநீறுண்ணே. மதினி வந்து பூசிட்டுப் போயிருக்காங்க. கை வச்சிறாதீங்க."

"உங்க மதினி இம்புட்டுத் தாராளமா பூசமாட்டாளே" என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

நான் பள்ளிக்கூடம் போனவனில்லை. ஆனால் முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு தேயிலைக்கு மருந்தடித்த காலம் அதிகம். இலை செம்பு நிறமானால் சிலந்திப்பூச்சி என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன். கண்ணெதிரே இருந்ததை மாவுப்பூச்சி என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. தினமும் செடி முன்னால் நின்று "வந்துட்டியா" என்று கேட்டேன். வெள்ளை கூடக்கூட எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு எறும்பு ஏறியது. திருநீற்றுக்கு எறும்பு வராது. பூச்சி விடும் இனிப்புக்குத்தான் வரும். இலை பிசுபிசுத்தது. அடியிலை மஞ்சளாகிக் கையோடு வந்தது. அவள் வைத்துவிட்டுப் போனதில் உயிரோடிருப்பது இந்தச் செடி ஒன்றுதான்.

மருந்துக்கடையில் ஸ்பிரிட் வாங்கி, பஞ்சில் நனைத்து, கணுக்கணுவாகத் துடைத்தேன். தண்டின் காய்ந்த தோலை உரித்து உள்ளேயும் துடைத்தேன். வேரைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, செடி பற்றியிருந்த தேங்காய் மட்டையை மாற்றினேன். நசுங்கிய பூச்சி பஞ்சில் இளஞ்சிவப்பாக ஒட்டியது.

மேல் இலைக் கணுவில் ஒரு பொட்டு மட்டும் விட்டுவைத்தேன். அவள் விரல் படும் இடம்.

பத்துப் பதினைந்து நாளில் அங்கிருந்தே எல்லாம் திரும்பி வந்தது. மறுபடி பஞ்சை எடுத்தபோது பக்கத்துப் பெண் வாசலில் நின்றாள்.

"வேணும்னே விட்டீங்களாண்ணே?"

"ஆமா."

"அப்ப மதினிக்கிட்ட சொல்லிட்டுத் தொடைங்க."

போ என்று சொல்ல நாக்கு எழவில்லை. "போயிட்டு வா" என்று சொல்லிவிட்டு அந்தப் பொட்டையும் துடைத்தேன்.

இப்போது புது வேர் விட்டிருக்கிறது. எறும்பும் இல்லை. ஆனாலும் வாராவாரம் மேல் இலையை விலக்கிக் கணுவைப் பார்க்கிறேன். வா என்றும் சொல்லியிருக்கிறேனே.